சட்டைப் பையில் ஒரு தீட்டுக்கல்

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



போன மாதம் இதே மேடையில் கம்பராமாயணம் பேசினார்கள். இந்த மாதம் காய்கறிக் கத்தி. இறக்கம்தான். ஆனாலும் கூட்டம் குறையவில்லை. அதைப் பார்த்தால் உங்கள் வீட்டுக் கத்திகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று ஊகிக்க முடிகிறது.

நான் டூல் ரூமில் வேலை பார்த்தவன். அரம், கல், சாணைச் சக்கரம் என்று அவற்றோடே காலம் போனது. அந்தக் குடும்பத்தில் ஆகச் சிறிய உருப்படியைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு. விரல் நீளம், வெள்ளையாகவோ பழுப்பாகவோ இருக்கும், சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம். செராமிக் கல் என்று விற்கிறார்கள். தண்ணீர் வேண்டாம், எண்ணெய் வேண்டாம், அவசரத்துக்கு மேஜைகூட வேண்டாம். விளம்பரம் பார்த்து இதை வாங்கியவர்களில் பலர் இரண்டே நாளில் "ஒண்ணுக்கும் ஆகாது சார்" என்று அலமாரி மூலையில் எறிந்துவிடுகிறார்கள். அவர்கள் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆறு மாதம் கவனிக்காமல் விட்ட கத்தியை இதில் தேய்த்தால் ஒன்றும் ஆகாதுதான். இந்தக் கல்லின் வேலை வேறு. கூராக இருக்கும் கத்தியைக் கூராகவே வைத்திருக்க அது போதும். மொட்டைக் கத்திக்கு உயிர் கொடுக்க அதனால் முடியாது. இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் கைப்பழக்கம்.

கத்தி மழுங்குவது என்றால் என்ன? இரும்பு தேய்ந்துபோனது என்று நினைக்கிறோம். உண்மையில் போவது கண்ணுக்கே தெரியாத அளவு. நல்ல சவர பிளேடின் நுனி அரை மைக்ரான் கனம்கூட இருக்காது. நம் தலைமுடியின் கனம் 50 முதல் 100 மைக்ரான். வீட்டுக் கத்தி அவ்வளவு மெல்லிசு இல்லை, ஆனால் அதன் நுனியும் சில மைக்ரான் கணக்குதான். அவ்வளவு மெல்லிய விளிம்பு பலகையில் மோதினால் ஒரு பக்கமாக மடங்கும். சில இடத்தில் துளித்துளியாகத் தெறிக்கும். எலுமிச்சை, தக்காளி, மாங்காய் நறுக்கிவிட்டு அப்படியே கழுவாமல் போட்டால் புளிப்பு அரிக்கும். கிரானைட் மேடையிலேயே வைத்து நறுக்குகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை. அவர்கள் கத்தி வாங்குவதை நிறுத்திவிட்டுப் பலகை வாங்கட்டும்.

அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் ஜியான்லூக்கா ரோசியோலி என்ற ஆய்வு மாணவர், ஜெம் தாசன் என்ற பேராசிரியரோடு சேர்ந்து ஒரு காரியம் செய்தார். தன் தாடியை மழித்த பிளேடுகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். மயிர் எஃகைவிட ஏறத்தாழ 50 மடங்கு மென்மையானது. அப்படியிருக்க பிளேடு ஏன் மழுங்குகிறது? விளிம்பு மெல்ல மெல்லத் தேய்ந்து உருண்டிருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அவர் கண்டது விளிம்பு நெடுகச் சின்னச் சின்னத் தெறிப்புகளை. மயிர் நேராக நிற்காமல் வளைந்து சாய்ந்து கொடுக்கிறது. எஃகின் உள்ளமைப்பும் எல்லா இடத்திலும் ஒரே சீராக இல்லை. மயிரின் ஓரம் போய் அப்படிப்பட்ட ஒரு பலவீனமான இடத்தில் பட்டால், அங்கே எஃகு பெயர்ந்து விழுகிறது. 2020இல் 'சயன்ஸ்' இதழில் இது வந்தது. தாடி மயிருக்கே இந்தப் பாடு என்றால் கருணைக்கிழங்குக்கும் ஆட்டு எலும்புக்கும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆக, முதல் வாரத்தில் நடப்பது சின்ன மடிப்பும் சின்னத் தெறிப்பும். அதைச் சரிசெய்ய எடுக்க வேண்டிய இரும்பு தூசு அளவுதான். அதை விட்டுவிட்டால் மழுங்கிய நுனியோடு நாம் அழுத்தி அழுத்தி நறுக்குகிறோம். அழுத்தம் கூடக் கூட மடிப்பும் தெறிப்பும் பெருகும். கடைசியில் விளிம்பு வெறும் முதுகு மாதிரி உருண்டு நிற்கும்போது, எடுக்க வேண்டிய இரும்பு பல மடங்காகிவிடும். அந்த வேலைக்குச் சொரசொரப்பான கல் வேண்டும், இல்லையென்றால் சக்கரம் வேண்டும்.

இப்போது கல்லுக்கு வருவோம். இதன் சரக்கு அலுமினா, அதாவது அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த பொருள். பாக்சைட்டிலிருந்து எடுக்கிற வெள்ளை மாவு அது. அதை அச்சில் அழுத்தி, 1600 டிகிரி செல்சியஸ் அளவு சூட்டில் சுடுகிறார்கள். மாவு உருகுவதில்லை, அது உருக 2000 டிகிரிக்கு மேல் வேண்டும். உருகாமலேயே துகளோடு துகள் ஒட்டி இறுகிக் கல்லாகிவிடுகிறது. ஸ்கூட்டர் ஸ்பார்க் பிளக்கில் வெள்ளையாக ஒரு பாகம் இருக்கிறதே, அதுவும் இதே சரக்குதான். இயற்கையில் கிடைத்தால் குருந்தக்கல். நம் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பக்கம் பாறைக்குள் கிடைக்கிறது. அதில் துளி குரோமியம் கலந்து சிவந்தால் மாணிக்கம், இரும்பும் டைட்டானியமும் கலந்து நீலமானால் நீலக்கல். விலை மட்டும்தான் வேறு.

கடினத்தை அளக்கிற மோஸ் அளவுகோலில் வைரத்துக்கு 10, அலுமினாவுக்கு 9, வெள்ளைக்கல் என்று நாம் சொல்லும் குவார்ட்ஸுக்கு 7. கத்தி எஃகு 6ஐ ஒட்டி நிற்கும். அதனால் எந்த வீட்டுக் கத்தியும் இந்தக் கல்லுக்கு எதிர் நிற்க முடியாது.

அப்படியானால் ஏன் மெதுவாக வேலை செய்கிறது? கேட்க வேண்டிய கேள்வி. ஜப்பான்காரர்களின் தண்ணீர்க் கல்லில் துகள்கள் இளகலாகப் பிணைந்திருக்கும். தேய்க்கத் தேய்க்க மேல் துகள் உதிர்ந்து, புதுக் கூருள்ள துகள் அடியிலிருந்து மேலே வரும். அதனால் வெட்டு வேகம். அதே காரணத்தால் கல் நடுவில் குழிந்துபோகும், அதை அடிக்கடி மட்டப்படுத்த வேண்டும், ஊறவைக்க வேண்டும், இடமும் நேரமும் வேண்டும். செராமிக் கல்லில் துகள் உதிராது. சுட்டபோது இறுகியது இறுகியதுதான். ஆகவே குழியாது, வருஷக்கணக்கில் மட்டமாகவே இருக்கும். வேகம் மட்டும் கிடைக்காது. எத்தனை நம்பர் கல் என்று கடையில் கேட்கிறார்கள். துகளின் அளவு மட்டும் இந்தக் கல்லின் குணத்தைச் சொல்லாது. எந்தச் சூட்டில் சுட்டார்கள், மேற்பரப்பை எப்படி முடித்தார்கள் என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது.

நம் தச்சர் பெட்டியில் இருக்கும் கறுப்புக் கல் வேறு ஜாதி. அது கார்போரண்டம், அதாவது சிலிகான் கார்பைடு. 1891இல் எட்வர்டு அச்செசன் என்ற அமெரிக்கர் மின்சாரத்தைப் பாய்ச்சிச் செய்துபார்த்த பொருள். 1954இல் சென்னையில் கார்போரண்டம் யுனிவர்சல் தொடங்கியபின் அந்தச் சரக்கு நம் ஊரிலேயே ஆனது. ஒரு பக்கம் கரடு, மறு பக்கம் நைஸ் என்று ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். செத்த கத்தியைப் பிழைக்கவைக்க அந்தக் கல்தான் சரி. பிழைத்தபின் செராமிக் கல்லிடம் கொடுங்கள். இரண்டு வேலையையும் ஒரே கையடக்கத்தில் சேர்த்தவர்களும் உண்டு. ஸ்வீடனின் வடக்கே போடன் என்ற ஊர்க் கத்திக் கம்பெனி ஃபால்க்நிவன் செய்யும் டிசி4 கல்லில் ஒரு பக்கம் 25 மைக்ரான் வைரத் துகள், மறு பக்கம் செராமிக். 10 சென்டிமீட்டர் நீளம், 3 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் அகலம். வேட்டைக்கும் முகாமுக்கும் போகிறவர்கள் பையில் போட்டுக்கொள்வார்கள். அமெரிக்காவின் ஸ்பைடர்கோவை எல்லோரும் கத்திக் கம்பெனி என்றே அறிவார்கள். கத்தி செய்ய ஆரம்பிக்கும் முன்பே அவர்கள் செராமிக் குச்சிகள் வைத்த தீட்டும் சாதனம் விற்றுக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்குப் பிடித்த செய்தி.

அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாகத் தீட்டுவது ஒன்றும் வெளிநாட்டு வித்தை இல்லை. பனையேறிகளைப் பாருங்கள். பாளையை நாள்தோறும் மெல்லிய சீவலாகச் சீவினால்தான் பதநீர் இறங்கும். மழுங்கிய அரிவாள் பட்டால் பாளை நசுங்கும், வடிவது நின்றுபோகும். அதனால் மரத்துண்டில் வெள்ளைக்கல் பொடி போட்டுப் பாளை அரிவாளைத் தீட்டிக்கொண்டேதான் இருப்பார்கள். தீட்டின மரத்திலேயே கூர் பார்த்தானாம் என்ற பழமொழி நமக்கு எப்படி வந்தது என்று நினைக்கிறீர்கள்? சவரத் தொழிலாளர் ஒவ்வொரு ஆளுக்கும் முன்னால் கத்தியைத் தோல்வாரில் நாலு இழுப்பு இழுத்ததை இங்கே வயதானவர்கள் பார்த்திருப்பீர்கள். கத்தியால் பிழைக்கிறவர் எவரும் அது மொட்டையாகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று காத்திருப்பதில்லை. வீட்டில் நாம்தான் காத்திருக்கிறோம்.

சரி, செய்முறை. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாரும் தவறுவது இங்கேதான்.

முதலில் கோணம். நம் கடைகளில் கிடைக்கும் சாதாரண ஸ்டீல் கத்திக்கு ஒரு பக்கம் 20 டிகிரி பொருந்தும். ஜப்பானியக் கத்தி என்றால் 15. டிகிரியைக் கையால் எப்படி அளப்பது? ஒரு தாளின் மூலை 90 டிகிரி. அதை ஒருமுறை மடித்தால் 45, இன்னொருமுறை மடித்தால் இருபத்திரண்டரை. அந்த மடிப்பைக் கல்லின் மேல் வைத்து, கத்தியை அதன் சாய்வுக்குக் கொண்டுவந்து, பிறகு ஒரு இம்மி தாழ்த்துங்கள். அளவுகோல்தான் வேண்டும் என்கிறவர்களுக்கு வேறு கணக்கு: கத்தியின் அகலம் 40 மில்லிமீட்டர் என்றால், அதன் முதுகு கல்லிலிருந்து ஏறத்தாழ 14 மில்லிமீட்டர் தூக்கி நிற்க வேண்டும். 15 டிகிரிக்கு 10 மில்லிமீட்டர் போதும். ஒருமுறை அளந்து கண்ணில் பதியவைத்துவிட்டால் போதும், தினமும் தாள் மடிக்க வேண்டியதில்லை.

கோணம் சரியா என்று பார்க்க ஒரு சுலபமான வழி. பிள்ளைகளின் கறுப்பு மார்க்கர் பேனாவை எடுத்துக் கத்தியின் கூர் ஓரத்தில் பூசுங்கள். கல்லில் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுப் பாருங்கள். மை விளிம்பில் அழிந்திருந்தால் கோணம் சரி. விளிம்பில் மை இருக்க, அதற்கு மேலே முதுகுப் பக்கம் அழிந்திருந்தால் நீங்கள் கத்தியை ரொம்பப் படுக்கவைக்கிறீர்கள். ஒரு மணி நேரம் தேய்த்தாலும் கல் கூரைத் தொடாது. "தேய்ச்சேன் சார், ஒண்ணும் ஆகல" என்கிறவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் கதை. நேர்மாறாக, நுனியில் மட்டும் ஒரு கோடாக அழிந்திருந்தால் கத்தியைத் தூக்கிப் பிடித்திருக்கிறீர்கள். அப்படித் தொடர்ந்தால் கூரே மொத்தமாகிவிடும்.

கல்லை ஈரத் துணி ஒன்றை மடித்து அதன் மேல் வையுங்கள், நழுவாது. கத்தியின் அடிப்பாகத்தை, அதாவது பிடிக்குப் பக்கத்து ஓரத்தை, கல்லின் ஒரு முனையில் வைத்து, ஒரு மெல்லிய சீவல் சீவுவதுபோல் முன்னால் தள்ளிக்கொண்டே பக்கவாட்டிலும் இழுங்கள். கல்லின் மறு முனைக்குப் போகும்போது கத்தியின் நுனி கல்லில் இருக்க வேண்டும். நுனி வளைந்திருப்பதால், அங்கே வரும்போது பிடியைக் கொஞ்சம் உயர்த்த வேண்டும். இல்லாவிட்டால் நுனி மட்டும் தீட்டுப்படாமல் நிற்கும். வலப் பக்கம் ஒன்று, இடப் பக்கம் ஒன்று என மாற்றி மாற்றிச் செய்யுங்கள். வாரம் தவறாமல் பார்த்துக்கொள்ளும் கத்திக்குப் பக்கத்துக்கு ஆறேழு இழுப்பு போதும்.

எவ்வளவு அழுத்துவது? கத்தியின் சொந்த எடை, அதற்கு மேல் ஒரு விரலின் பாரம். அவ்வளவே. சின்னக் கல் என்பதால் கத்தி அதைத் தொடுகிற பரப்பு மிகக் குறைவு. குறைந்த பரப்பில் அழுத்தம் எகிறிவிடும். பெரிய கல்லில் அழுத்திப் பழகிய கை இதில் அப்படியே அழுத்தினால், நீங்கள் தீட்டவில்லை, விளிம்பை மடக்குகிறீர்கள். காதைக் கொடுத்துக் கேளுங்கள். சரியான கோணத்தில் சீராக, மெல்லிய 'ஸ்ஸ்' என்று வரும். 'கிர்ர்' என்று கீறினால் கோணமோ அழுத்தமோ தப்பு. அல்லது விளிம்பில் ஒரு பல் பெயர்ந்திருக்கிறது.

அடுத்து பிசிறு. பட்டறையில் 'பர்' என்போம். ஒரு பக்கத்தையே தொடர்ந்து தேய்த்தால் எஃகு நுனியில் மெல்லிய இழையாகி மறுபக்கம் சாயும். கட்டைவிரலின் சதையை முதுகுப் பக்கத்திலிருந்து விளிம்பை நோக்கி, விளிம்புக்குக் குறுக்கே மெல்லத் தடவி வெளியே எடுத்தால் அது உராய்வது தெரியும். விளிம்போடு நீளவாக்கில் விரலை ஓட்டிவிடாதீர்கள், வெட்டிவிடும். பிசிறு வந்தது நல்ல அடையாளம். கல் கூரைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். ஆனால் அதை அப்படியே விட்டால் முதல் தக்காளிக்குக் கத்தி அற்புதமாக வெட்டும், பத்தாவது வெங்காயத்தில் பிசிறு ஒடிந்து மறுபடி மொட்டை. "தீட்டினா ஒரு நாள்கூட நிக்கல" என்ற புகாருக்குக் காரணம் பெரும்பாலும் இந்த ஒடிந்த பிசிறுதான். அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஓய்வுபெற்ற உலோகவியல் பேராசிரியர் ஜான் வெர்ஹோவன், 2004இல் கத்தி தீட்டும் சோதனைகளை எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களோடு ஓர் அறிக்கையாகவே எழுதிவைத்தார். பிசிறு எப்படி உருவாகிறது, எதனால் குறைகிறது என்று அந்தப் படங்களில் கண்ணால் பார்க்கலாம்.

நம் வீட்டு ஸ்டீல் கத்திகளில் பிசிறு ஒரு தனித் தொல்லை. விலை மலிந்த ஸ்டெயின்லெஸ் எஃகு மென்மையானது. மென்மையான எஃகில் பிசிறு ஒடியாமல், மடங்கி மடங்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்துகொண்டே இருக்கும். அதைப் போக்க வழி, இழுப்பின் எண்ணிக்கையைக் கூட்டுவதல்ல, பாரத்தைக் குறைப்பது. கடைசி நாலைந்து இழுப்பைக் கல்லைத் தொட்டும் தொடாமலும், மாற்றி மாற்றிச் செய்யுங்கள். பிறகு பழைய தோல் பெல்ட்டின் உட்புறத்தில் விளிம்பைப் பின்னுக்கு வைத்து நாலு இழுப்பு. கத்தியை விளக்கொளிக்கு நேரே நிமிர்த்திப் பாருங்கள். கூரான விளிம்பு ஒளியைத் திருப்பாது, கண்ணுக்கே தெரியாது. எங்காவது வெள்ளையாக ஒரு புள்ளி மின்னினால் அந்த இடம் இன்னும் மொட்டை.

சாணை பிடிக்கிறவர்களைக் குறைசொல்லத்தான் இந்தப் பேச்சு என்று யாரும் நினைக்க வேண்டாம். சைக்கிளில் சக்கரம் மாட்டித் தெருத்தெருவாக வருகிறவர்களில் கைத்தேர்ச்சி உள்ளவர் உண்டு. தண்ணீரில் தோய்த்துத் தோய்த்து, சக்கரத்தில் தொட்டுத் தொட்டு எடுப்பார். அவசரக்காரர் கையில் போனால் பொறி பறக்கும், விளிம்பு நீலம் பாயும். நீலம் வந்தால் அந்த இடம் 300 டிகிரி சூட்டை எட்டிவிட்டது என்று பொருள். பதம் இறங்கிப்போன அந்த இடம் எத்தனை தீட்டினாலும் நிற்காது, அதைத் தேய்த்துக் கழித்தால்தான் உண்டு. சக்கரம் ஒவ்வொரு முறையும் கத்தியின் அகலத்தில் கொஞ்சம் தின்றும்விடும். பாட்டி காலத்துக் கத்திகள் ஈர்க்குச்சியாக மெலிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்களே. வாரந்தோறும் செராமிக் கல்லில் தொட்டு எடுத்தால் சாணைக்காரரை வருஷத்துக்கு ஒருமுறை கூப்பிட்டால் போதும்.

இந்தச் சின்னக் கல் நம் வீட்டில் கத்தியைவிட அரிவாள்மனைக்கு இன்னும் பொருத்தம் என்பது என் அபிப்பிராயம். அரிவாள்மனையின் அலகு பலகையில் பொருத்தப்பட்டது. அதைத் தூக்கிக் கொண்டுபோய்ப் பெரிய கல்லில் தேய்க்க முடியாது. அலகும் வளைந்தது, அகலமான மட்டக் கல் முழுக்க ஒட்டாது. இங்கே கல்தான் நகர வேண்டும். மனையைக் காலால் அழுத்திக்கொண்டு, கல்லின் ஒடுங்கிய ஓரத்தை அலகில் சாய்த்து, அடியிலிருந்து நுனி வரை துண்டு துண்டாகத் தேய்த்துக்கொண்டே போங்கள். கல்லைப் பிடிக்கிற விரல்கள் அதன் மேல் விளிம்பைத் தாண்டி அலகுப் பக்கம் வரவே கூடாது. கையில் கல்லை வைத்துத் தேய்க்கும்போது படுகிற காயமெல்லாம் இப்படித்தான் படுகிறது. மீன் சந்தையில் நாள் முழுதும் மீன் அரிகிற அம்மாக்கள் இடையிடையே அலகைக் கல்லால் தடவிக்கொள்வதைக் கவனியுங்கள், கை எங்கே இருக்கிறது என்று.

கூட்டத்துக்கு முன்னால் ஒரு அம்மா கேட்டார்: கல் இல்லாவிட்டால் ஊறுகாய் ஜாடியின் அடியில் தேய்க்கலாமா என்று. தாராளமாக. ஜாடியைக் கவிழ்த்தால் அடியில் மெருகு படாத ஒரு வளையம் இருக்கும், பீங்கான் கோப்பையிலும் இருக்கும். அதுவும் சுட்ட மண்தான், எஃகைத் தேய்க்கும். சொரசொரப்பு ஜாடிக்கு ஜாடி மாறும், மேடு பள்ளம் இருக்கும். விருந்து நாளில் கைகொடுக்கும், அன்றாடத்துக்கு வேண்டாம். ஒரு எச்சரிக்கை: வெள்ளைவெளேர் என்று செராமிக் கத்தி என்றே இப்போது விற்கிறார்கள். அது சிர்கோனியா. அதை இந்தக் கல்லில் தீட்டப் போகாதீர்கள். அதற்கு வைரக் கல்தான்.

கல்லைச் சுத்தம் செய்வது பற்றிச் சொல்லாமல் விட்டால் ஒரு மாதத்தில் திரும்பி வந்து சண்டை போடுவீர்கள். தேய்த்த எஃகு கல்லின் துளைகளில் கறுப்பாக அடைத்துக்கொள்ளும். துகள் உதிராத கல் என்றேன் அல்லவா, அதனால் அழுக்கும் தானாக உதிராது. அடைத்த கல் வழுக்கும், வெட்டாது. பாத்திரம் தேய்க்கும் பவுடரைத் தூவி, ஈரப் பச்சை நாரால் நன்றாகத் தேய்த்துக் கழுவினால் புதுக் கல் மாதிரி வெளுத்துவிடும். எண்ணெய் மட்டும் விடாதீர்கள், கறுப்பு துளைக்குள் இறுகிவிடும்.

மேஜையில் நாலைந்து கல் வைத்திருக்கிறேன். நீங்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்த கத்திகளும் இருக்கின்றன, பார்த்தாலே தெரிகிறது. முதலில் மார்க்கர், பிறகு கல். வரிசையாக வந்து ஆளுக்கு ஒரு கத்தியைத் தீட்டிப் பார்க்கலாம், கூர் பார்க்கப் பக்கத்தில் பழைய செய்தித்தாள் வைத்திருக்கிறேன். கல்லைக் கீழே மட்டும் போட்டுவிடாதீர்கள். இது சிமென்ட் தரை, விழுந்தால் இரண்டாக உடையும். உடைந்த துண்டும் தீட்டும் என்று சொல்லி என்னைச் சமாதானப்படுத்த வேண்டாம், புதுக் கல் வாங்கித் தர வேண்டும்.